லண்டன் இன்ஸ்பெக்டரின் உத்திரமேரூர்க் குரல்

டி.வி.யின் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டுத் தொண்டையைக் கனைத்துக்கொள்கிறார் ஞானதாஸ். திரையில் நீண்ட கோட்டுப் போட்ட லண்டன் இன்ஸ்பெக்டர் வாயசைக்க, இவர் பேசுகிறார்: “இன்னாம்மா, அய்யாவ கடசியா எப்போ பாத்தே? பயப்படாத சொல்லு.”

உத்திரமேரூரில் வீடியோ கேசட் கடை வைத்திருப்பவர். ஐம்பது வயது. ஞாயிறு ஜெபம் முடிந்ததும் டி.வி.யையும் டெக்கையும் மொபெட்டில் கட்டிக்கொண்டு சாலவாக்கம் பக்கத்து இருளர் குடியிருப்புக்குப் போவார். சினிமா பேசத் தொடங்கிய புதிதில் இங்கிலாந்தில் எடுத்த துப்பறியும் படம் ஒன்று அவரிடம் உண்டு. அந்தக் கரகர இங்கிலீஷில் பாதி அவருக்கே புரியாது. அதனால் எல்லோருக்கும் இவரே பேசுவார், கொலைகாரனுக்கு மட்டும் மூக்கால்.

இன்ஸ்பெக்டர் தோட்டத்தில் மண்டியிட்டுக் காலடித்தடத்தை அளக்கும் இடத்தைப் பின்னால் ஓட்டி இன்னொரு முறை போடாமல் விடமாட்டார். “பாத்துக்கினியா? ஆளப் புடிக்கறதுக்கு மின்ன மண்ணப் பாக்கறான். அவன் மன்சன்.”

போன வியாழக்கிழமை அந்தக் குடியிருப்பிலிருந்து செவ்வந்தியின் புருஷனைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. பக்கத்துக் கழனியில் பம்புசெட் மோட்டார் காணாமல் போய்விட்டதாம். அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இருளர் என்றால் போதும், மிச்சத்தை லத்தி பார்த்துக்கொள்ளும். இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

மோட்டார் கொட்டகை ஓரம் சேற்றில் பதிந்திருந்தது பூட்ஸ் தடம். பிடிபட்டவரோ பிறந்ததிலிருந்து செருப்பே போடாதவர். மறுநாள் காலையிலேயே ஞானதாஸ் ஸ்டேஷனுக்குப் போனார்.

“தடம் அப்பிடியே கீது சார். வந்து அளந்து பாருங்க.”

ரைட்டர் சிரித்தாராம். “படம் காட்டறவன்தானே நீ? போ, வர்றோம்.”

‘வர்றோம்’ என்றதை இவர் நம்பிவிட்டார். நேராகக் கழனிக்குப் போய்த் தடத்தின் பக்கத்தில் நின்றுகொண்டார். படம் பார்த்துப் பார்த்துப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று கடைத்தெருவில் கேலி பேசுகிறார்கள். அந்தச் சிரிப்பில் கால் பங்கு ஸ்டேஷன் பக்கம் திரும்பியிருக்கக் கூடாதா?

அன்று மத்தியானம் நான் கழனிக்குப் போனபோது மழை பிடித்துக்கொண்டது. ஜீப் வரவில்லை. செவ்வந்தி பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வூட்டுக்குப் போ நைனா. நனையப் போற” என்றாள்.

“நா இன்னா கரஞ்சா பூடுவேன்? இதுதான்மே கரஞ்சிபூடும்.”

சொல்லிவிட்டுக் குனிந்தார். தலைக்குமேல் பிடித்திருந்த குடையை இறக்கி, தடத்தின்மேல் பிடித்தார்.