கையில் மீன் வாசம்

கொல்கத்தாவுக்கு வந்த முதல் ஆடியில் லேக் மார்க்கெட்டில் ஒரு இலிஷ் வாங்கினேன். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. மாற்றலாகி வந்து லேக் கார்டன்ஸில் மூன்றாம் மாடி வீடு ஒன்றில் குடியேறி இரண்டு மாதம் ஆகியிருந்தது. நான் நாகப்பட்டினத்துக்காரி. எங்கள் பக்கம் அந்த மீனை உல்லம் என்பார்கள். எப்போதாவதுதான் வலையில் விழும். தினப்படிக்கு எங்களுக்கு மத்திதான். இரண்டும் ஒரே குடும்பம், அதே நெய், அதே முள். பெரிய மத்தி என்று நினைத்துக்கொண்டு துண்டு போட்டு, கல்லுப்பு தேய்த்து, மூன்று தண்ணீர் விட்டு அலச ஆரம்பித்தேன்.

வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த திதி பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“பௌதி, என்ன பண்றீங்க! வெட்டினப்புறம் இலிஷக் கழுவவே கூடாது. ருசி பூரா சாக்கடைக்குப் போகுது பாருங்க.”

நான் அவருக்கு பௌதி, அண்ணி. அவர் எனக்கு திதி, அக்கா. அவர் வங்காளத்தில் பேசுவார், நான் கொஞ்சம் இந்தியும் கொஞ்சம் கைஜாடையுமாகப் பதில் சொல்வேன். அன்று அவரே கடுகு அரைத்து, பச்சை மிளகாய் கீறிப் போட்டு அந்த மீனைச் செய்துகொடுத்தார். சமையலறைத் தரையில் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிட்டோம். முள்ளை நாக்காலேயே ஒதுக்கக் கற்றுக்கொள்ள எனக்கு இன்னும் ஒரு வருடம் ஆனது.

திதி லக்ஷ்மிகாந்தபூர் ரயிலில் விடியுமுன் ஏறி பாலிகஞ்சில் இறங்கி வருபவர். வீட்டில் அவரும் பார்வை மங்கிய மாமியாரும் மட்டும். கணவர் டிராலர் படகில் போகிறவர். ஆனி பிறந்து தடைக்காலம் முடிந்ததும் ஐஸை நிரப்பிக்கொண்டு கிளம்பினால் எட்டு நாள், பத்து நாள் கடலிலேயே இருப்பார். சீசன் முடியும்போது விலைபோகாத, கொஞ்சம் நைந்த மீனை வீட்டுக்குக் கொண்டுவந்து அவர் கையாலேயே துண்டு போட்டு, மஞ்சளும் உப்பும் அடுக்கடுக்காக வைத்துப் பானையில் அழுத்திக் கட்டுவாராம். நோனா இலிஷ். அதை ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலில் திதி எனக்குக் கொண்டுவருவார். மூடியைத் திறந்ததும் வீடெல்லாம் எங்கள் ஊர்க் கருவாட்டுக் கொட்டகை மாதிரி நாறும். கணவர் ஜன்னலைத் திறந்துவிட்டு, “இதை பால்கனியில வச்சு சாப்பிடேன்” என்பார். நானும் திதியும் பூண்டும் வரமிளகாயும் போட்டு வதக்கி, பூசணி இலையில் பொதிந்து கல்லில் சுட்டுச் சாப்பிடுவோம்.

மூன்றாவது மழைக்காலத்தில், ஆவணித் தொடக்கத்தில், திதி இரண்டு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வரவில்லை. விடாத மழை. துணி காயவில்லை, எனக்கு ஜுரம், பாத்திரம் குவிந்து கிடந்தது. போன் செய்தால் எடுக்கவில்லை. எரிச்சலில் குரல் செய்தி ஒன்று அனுப்பினேன்: “நாளைக்கும் வரலேன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்.”

மறுநாள் காலை, அதே ரயிலில் வந்து எதிர்வீட்டில் வேலை செய்யும் பெண் கதவைத் தட்டினாள். வாசலிலேயே நின்று சொன்னாள். புயல் எச்சரிக்கை வந்து கரைக்குத் திரும்பிய படகு முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் மணல்திட்டில் மோதிக் கவிழ்ந்துவிட்டது. ஆறு பேரைப் பின்னால் வந்த படகு தூக்கிவிட்டது. திதியின் கணவர் அந்த ஆறு பேரில் இல்லை.

நான் அனுப்பிய செய்தியை அழிக்கப் பார்த்தேன். கேட்டாகிவிட்டது என்று நீலக் குறி காட்டியது.

ஜுரத்தோடேயே கணவரைக் கூட்டிக்கொண்டு, அந்தப் படகுகள் கிளம்பும் காக்த்வீப்புக்கு ரயிலில் போனேன். படகுத்துறையில் தார்ப்பாயின் கீழே பெண்கள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். திதி என்னைப் பார்த்ததும் எழுந்தார். செய்தியைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று பயந்தேன். “ஜுரத்தோட ஏன் வந்தீங்க பௌதி?” என்று மட்டும் கேட்டார்.

கவிழ்ந்த படகை இன்னும் இழுத்துவரவில்லை. ஆனால் முன்பே கரை சேர்ந்த மற்றப் படகுகளிலிருந்து மீனை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அழுகிவிடும், நிறுத்திவைக்க முடியாது. காத்திருக்கும் பெண்களுக்கு நடுவே கூடைகள் போயின. ஏலம் கூவுகிற குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு கூடை என் முகத்துக்கு நேராகப் போனது. ஐஸ் ஒட்டி, முதுகில் நீலம் மின்ன, எவ்வளவு புதுசு என்று என் மனம் ஒரு நொடி நினைத்தது. இன்றுவரை அதை யாரிடமும் சொன்னதில்லை.

சாயங்காலம் படகை இழுத்துவந்தார்கள். அறைக்குள் சிக்கியிருந்தவர்களை ஒவ்வொருவராக வெளியே எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு பெண் தார்ப்பாயிலிருந்து எழுந்து போனாள். கடைசியில் திதியும் இன்னொருத்தியும்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

மூன்று வாரம் கழித்து வேலைக்கு வந்தார். கையில் சங்கு வளையல், வகிட்டில் குங்குமம், எல்லாம் முன்பு போலவே. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “உடம்பு கிடைக்கலியே” என்றார். அவ்வளவுதான். கணவன் உயிரோடிருக்கும் பெண் மீன் சாப்பிட வேண்டும், போனால் விட்டுவிட வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். திதி ஒருநாளும் விடவில்லை. மதியம் சோற்றுக்கு ஒரு துண்டு மீனாவது வேண்டும். நான் வாங்காத நாளில், தன் கணவர் போன வருடம் போட்டுவைத்த உப்பு மீனில் ஒரு விள்ளலை இலையில் மடித்துக் கொண்டுவருவார். சாப்பிடும்போது ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்து விழுங்குவார். “உப்பு ஜாஸ்தி” என்பார்.

மார்கழிக்குள் அந்தப் பானையும் காலி.

என்னால் மீன் சாப்பிட முடியவில்லை. சுனாமி வந்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் எங்கள் ஊரில் மீன் வாங்க ஆள் கிடையாது. ஏன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். கடலுக்குப் போனவர்களைக் கடல் என்ன செய்யும், அதிலிருக்கிற மீன் என்ன தின்னும் என்று எல்லோருக்கும் ஒரே நினைப்பு. அது மறுபடி எனக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. திதிக்காக ஏரி மீன் எதையாவது வாங்குவேன். இலிஷ் பக்கம் போகவில்லை.

அடுத்த ஆனியில் சந்தைக்குப் புது இலிஷ் வந்தது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு திதி கேட்டார்.

“ஏன் பௌதி இலிஷ் வாங்கல?”

“எனக்குப் பிடிக்கல திதி.”

“பொய். நீங்க எதுக்கு வாங்கலன்னு எனக்குத் தெரியும்.” பாத்திரத்தை ஓசையோடு வைத்தார். “எனக்கு மட்டும் அந்த நெனப்பு வராதா? நெனைக்காம முழுங்கணும்.”

“எதுக்கு திதி இந்தப் பாடு? விட்டுடலாமே.”

“ராத்திரி வீட்டுக்குப் போனதும் மாமியா என் கையப் பிடிச்சு மோந்து பாப்பாங்க. மீன் வாசம் இருந்தாத்தான் சோத்துல கை வைப்பாங்க. இலிஷ் சீசன்ல இலிஷ் வாசம் இல்லேன்னா, ‘எம்புள்ள போயிட்டானா’ன்னு கேக்குறாங்க. நேத்து கேட்டாங்க.”

அந்த மாமியார் தன் கணவர் போன நாளிலிருந்து முப்பது வருடமாக மீனைத் தொடாதவர்.

நான் அப்போதே கீழே இறங்கிப் போய் இலிஷ் வாங்கிவந்தேன். திதி அதை வெட்டினார், கழுவவில்லை. அன்று எனக்கும் ஒரு துண்டு வைத்தார். சாப்பிட்டேன். வாயில் நெய்யாகக் கரைந்தது, ருசியாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். வெளியே வந்தபோது திதி என் தட்டையும் கழுவிவிட்டிருந்தார். தன் வலது கையை மட்டும் சோப்பு போடாமல் முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் முழுவதும் அப்படியே போனது. நிவாரணத்துக்கான காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி அவருடைய மைத்துனர் இரண்டு தடவை எங்கள் வீட்டுக்கே வந்தார். கணவர் இறந்துவிட்டார் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். திதி முடியாது என்றுவிட்டார்.

தை மாதக் குளிரில் மாமியார் போய்ச் சேர்ந்தார். காரியங்கள் முடிந்து திதி வந்தபோது கையில் வளையல் இல்லை. வகிடு வெறுமையாக இருந்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“கெழவி நம்பிக்கிட்டே போயிட்டாங்க, பௌதி. கடைசி நாள்கூட கைய மோந்தாங்க.”

“நீங்க?”

“நானா?” செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார். “அன்னிக்கு அந்தத் துறையில உக்காந்திருந்தப்பவே எனக்குத் தெரியும்.”

அன்று மதியம் பருப்பும் உருளைக்கிழங்கும் செய்தேன். வயிறு நிறையச் சாப்பிட்டார். ஒன்றரை வருடத்தில் அவர் தண்ணீர் குடிக்காமல் சோறு விழுங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

மறுவாரம் அவர் கூப்பிட்டதால் நானும் நிவாரணம் தரும் அலுவலகத்துக்குப் போனேன். மைத்துனரும் வந்திருந்தார். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் படிவத்தை நிரப்பிக்கொண்டே, “இறந்த தேதி?” என்று கேட்டார். படகு கவிழ்ந்த நாளை மைத்துனர் சொன்னார்.

“இல்ல” என்றார் திதி. “அதுக்கு மறுநாள்னு எழுதுங்க.”

எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்தார்.

“அவருக்கு நல்லா நீஞ்ச வரும். ஒரு ராத்திரியாவது தாக்குப்பிடிச்சிருப்பாரு.”

“அப்படியெல்லாம் எழுத முடியாதும்மா” என்றார் அவர், அதட்டாமல்தான். படகு கவிழ்ந்த தேதியையே எழுதிப் பேனாவை நீட்டினார். திதி அந்தத் தேதியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் நாலே முக்கால் ரயில் போய்விடுமே என்று வேகமாக நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.