ஷட்டரின் கண்

அந்த ரிமோட் இப்போது என் கையில் இருக்கிறது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது, சாம்பல் நிறம். ஏற்றுவதற்கு ஒரு பொத்தான், இறக்குவதற்கு ஒன்று, நடுவில் நிறுத்துவதற்கு ஒன்று. இறக்கும் பொத்தானில் இருந்த அம்புக்குறி தேய்ந்தே போய்விட்டது. அதைத் தேய்த்த விரல்களில் என் விரல் வெகுகாலம் இல்லை. அந்தக் கடுப்பு எனக்கு இன்னும் போகவில்லை. மறைத்து என்ன ஆகப்போகிறது?

ரிமோட் என் ஓரகத்தியுடையது. என் கணவரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். திருநகரில் அவர்கள் வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று வந்தவர்களில் பாதிப் பேர் பூஜை அறைப் பக்கமே போகவில்லை, கார் ஷெட்டில்தான் நின்றார்கள். பொத்தானைத் தொட்டதும் ஷட்டர் தானாகச் சுருண்டு மேலே போனது, தானாக இறங்கியது. மாமனார் ஏற்றினார், இறக்கினார், "எம்புட்டு நைசாப் போகுது பாரேன்" என்று மறுபடி ஏற்றினார். எனக்கு வயிறு எரிந்தது. ஆனையூரில் எங்கள் வீட்டு ஷட்டரை இரண்டு கையையும் அடியில் கொடுத்து மூச்சுப் பிடித்துத் தூக்க வேண்டும். அது போடும் சத்தத்தில் நான் வேலைக்குக் கிளம்புவது தெருவுக்கே தெரிந்துவிடும். நமக்கும் ஒன்று போடலாமா என்று கணவரிடம் கேட்டேன். "ஸ்கூட்டிக்கு ரிமோட்டு கேக்குதோ ஒனக்கு?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பையும் நான் அக்கா கணக்கில்தான் எழுதினேன்.

ஷட்டர் மாட்டியவர் போகும்போது இரு பக்கச் சுவரிலும், முழங்காலுக்குச் சற்றுக் கீழே பதித்திருந்த சின்னக் கறுப்புச் சில்லுகளைக் காட்டினார். "இது ரெண்டும் ஷட்டரோட கண்ணு. நடுவுல ஆள் நின்னா இறங்காது, திரும்ப மேல போயிரும். கண்ணுல தூசி அடையாமப் பாத்துக்கங்க." அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு அமாவாசைக்கும் பூசணிக்காய் சுற்றி உடைத்த கையோடு, ஈரத்துணியால் அந்தக் கண்களைத் துடைப்பாள். பிறகு நடுவில் ஒரு பிளாஸ்டிக் குடத்தை வைத்து ஷட்டரை இறக்கிப் பார்ப்பாள். அது இறங்காமல் மேலே போனால்தான் அவளுக்கு அன்றைய வேலை முடியும். ரிமோட்டைப் பிள்ளைகளுக்கு எட்டாத ஆணியில்தான் மாட்டுவாள். ஷட்டர் ஓடும்போது யாரும் அடியில் போகக் கூடாது, ஓட்டம் நிற்கும்வரை பொத்தானை அழுத்தியவர் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. இத்தனை சட்டமும் சீன் போடுவதற்கு என்றுதான் நினைத்தேன். கார் ஷெட்டுக்குப் பரிவட்டம் கட்டாத குறை என்று என் அம்மாவிடம் போனில் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஷட்டர் மட்டும் என்றால் ஆறியிருப்பேன். என் மகளும் அங்கேதான் கிடந்தாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. அக்காவின் பையன் வெளியூரில் விடுதியில் படித்தான். அந்த வீட்டின் மொத்தச் செல்லமும் என் மகளுக்கு வந்துவிட்டது. சனிக்கிழமை ஆனால் பையைத் தூக்கிக்கொள்வாள். குடம் வைக்கிற வேலையை அக்கா அவளுக்குக் கொடுத்திருந்தாள். ஷட்டர் மேலே திரும்பும்போது இருவரும் சேர்ந்து கைதட்டுவார்கள். பெரியம்மா என்று கூப்பிடுகிறவள் சில நேரம் அவசரத்தில் 'பெரிய'வை விழுங்கிவிட்டு வெறும் அம்மா என்பாள். நான் பக்கத்திலேயே நிற்பேன். அக்கா "என்னடி தங்கம்" என்பாள். ஒரு தடவையாவது திருத்தியிருக்கலாம் அவள்.

அந்த வருடம் ஆயுத பூஜை திருநகர் வீட்டில். கார், மிக்ஸி, தண்ணீர் மோட்டார், தையல் மிஷின் என்று எல்லாவற்றுக்கும் மாமியார் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தார். சுவரில் இருந்த சில்லைப் பார்த்து இது என்ன என்று கேட்க, என் மகள், "அது ஷட்டரோட கண்ணு அப்பத்தா" என்றாள். கண் என்று சொன்ன பிறகு அத்தை விடுவாரா? இரண்டு கண்ணிலும் அப்பினார், சந்தனத்தை அரை விரல் கனத்துக்கு, அதன்மேல் குங்குமம்.

பூஜை முடிந்து கிளம்பும் நேரம் ஷட்டர் இறங்க மறுத்தது. மாமனார் அழுத்தி அழுத்திப் பார்த்தார். ஒரு முழம் இறங்கும், திரும்ப ஏறும். சுண்டல் தட்டோடு எட்டிப் பார்த்த அக்கா, "யார் கண்ணு பட்டுச்சோ" என்றாள். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தாள். பார்த்துச் சிரிக்கவும் செய்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் உள்ளே போய்விட்டாள். என் வயிற்றெரிச்சல் யாருக்கும் தெரியாது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

சந்தனம்தான் காரணம் என்று என் கணவர் கண்டுபிடித்தார். துடைக்கப் போனவரை அத்தை தடுத்தார். "சாமிக்கு வச்ச பொட்ட இன்னைக்கே அழிப்பாகளா? விடிஞ்சு தொடைங்க." இவர் அண்ணன் முன்னால் சும்மா நிற்பாரா? ஸ்க்ரூடிரைவரை வாங்கி, பெட்டியைத் திறந்து, கண்ணுக்குப் போகும் ஒயரை எடுத்து, கண் பக்கம் போகாமல் நேராக இணைத்துவிட்டார். ஷட்டர் சமர்த்தாக இறங்கியது, ஏறியது. பொட்டும் அழியவில்லை, வேலையும் முடிந்தது என்று எல்லோருக்கும் திருப்தி. சமையலறையில் இருந்த அக்காவிடம் யாரும் சொல்லவில்லை.

நான் கோபத்தில் வெளியே வந்து, தெருவில் ஸ்கூட்டியை எடுத்து நிறுத்தி மகளைக் கூப்பிட்டேன். பொரிப் பொட்டலத்தோடு ஓடிவந்தவள் ஷட்டருக்கு நேர் கீழே அதைச் சிந்திவிட்டு, உட்கார்ந்து அள்ள ஆரம்பித்தாள். மாமனார் உள்ளே நின்று ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார். அவர் பார்க்காமல் இல்லை, பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். குடத்துக்கே திரும்புகிற ஷட்டர் பேத்திக்குத் திரும்பாதா என்று அவருக்கு நினைப்பு. "எந்திரிடி!" என்று கத்தினேன். அவள் நிமிரக்கூட இல்லை. "கண்ணு பாத்துக்கும்மா" என்றாள்.

ஸ்கூட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். பிள்ளையை இழுத்திருக்க வேண்டும். என் கைகளுக்குத் தெரிந்ததெல்லாம் ஆனையூர் ஷட்டர்தான். இரண்டு கையையும் அடியில் கொடுத்து மூச்சுப் பிடித்துத் தூக்கினேன். மோட்டார் என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. என் கையோடு சேர்த்து இறங்கியது. உள்ளிருந்து அக்காவின் குரல் கேட்டது. "கண்ணு மூடியிருக்கு, எப்படி எறங்குது?" பொட்டு அப்பிய கண்ணோடு ஷட்டர் இறங்கினால் அது யாருக்காகவும் திரும்பாது என்று உள்ளே இருந்தவர்களில் அவள் ஒருத்திக்குத்தான் உறைத்தது. யாரோ ஓடி வருகிற சத்தம். என் மகளின் கொலுசுக் கால் சரசரவென்று உள்ளே இழுபட்டது. நான் கையை உருவிக்கொண்டேன். ஷட்டர் தரையைத் தொட்டது.

வெளியே நான் மட்டும் நின்றேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. தகரத்தை இரண்டு கையாலும் அடித்தேன். பிறகு என் மகள் வீறிட்டு அழுதாள். உலகத்தில் அதைவிட நல்ல சத்தம் நான் கேட்டதில்லை.

ஷட்டர் மெதுவாக ஏறியது. முதலில் அக்காவின் கால்கள் தெரிந்தன. பிறகு கிழிந்த சேலைக் கரை, வளையல் உடைந்து ரத்தம் வடியும் கை, அந்தக் கையில் தொங்கிய ரிமோட். கடைசியாக அவள் இடுப்பில் என் மகள், கழுத்தைக் கட்டிக்கொண்டு. நான் கை நீட்டினேன். மகள் வரவில்லை. அக்காவின் தோளில் முகத்தை இன்னும் அழுத்திக்கொண்டாள். பிள்ளை பிழைத்ததற்கு அக்காவின் காலில் விழுந்திருக்கலாம், அவ்வளவு நன்றி எனக்குள் இருந்தது. அந்தக் கழுத்தில் கிடந்த சின்னக் கைகளைப் பிய்த்து எடுக்க வேண்டும் என்றும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில்தான் இருந்தன.

அக்கா என் கணவரிடம் திரும்பினாள். "கண்ணக் கட்டிவிட்டுட்டுக் கதவ ஓட விட்டீகளா தம்பி?" அவ்வளவுதான் கேட்டாள். அவர் அதற்கப்புறம் எங்கள் வீட்டு மிக்ஸியைக்கூடத் திறந்ததில்லை. மறுநாளே ஆள் வந்து ஒயரைப் பழையபடி மாட்டிக் கொடுத்தார். அடுத்த ஆயுத பூஜையில் அத்தை கண்ணுக்கு ஒரு சாண் தள்ளிச் சுவரில் பொட்டு வைத்தார்.

சில வருடங்கள் கழித்து அக்காவும் அவள் கணவரும் மகனோடு சென்னைக்குப் போய்விட்டார்கள். வீடு பூட்டிக் கிடக்க வேண்டாம் என்று எங்களை வரச் சொன்னார்கள். ஆசைப்பட்ட ஷட்டர் இப்படி வந்து சேர்ந்தது. ஒவ்வொரு அமாவாசைக்கும் நான்தான் குடம் வைக்கிறேன். அன்று அக்காவிடமிருந்து போன் வரும். வேறு விசாரிப்பெல்லாம் பிறகுதான். "கண்ணத் தொடச்சியாடி?" என்பாள். "தொடச்சாச்சுக்கா" என்பேன். பின்னாலிருந்து என் மகள் போனைப் பிடுங்கிக்கொள்வாள். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் எனக்குப் போன் கிடையாது.

இன்று அவள் சென்னைக்குக் கிளம்பினாள். அங்கேதான் கல்லூரி. விடுதி வேண்டாம், பெரியம்மா வீட்டில் இருந்துகொள்கிறேன் என்று அவளே முடிவு செய்துவிட்டாள். என்னிடம் கேட்கவில்லை, சொன்னாள். படுத்த படுக்கையாக இருக்கும் அத்தையைத் தனியே விட முடியாது என்பதால் நான் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. கணவர் காரைப் பின்னால் எடுத்தார். "போயிட்டு வாரேம்மா" என்று அவள் கையசைத்தாள். கார் தெருவுக்குப் போகும்வரை காத்திருந்து, அடியில் யாரும் இல்லை என்று பார்த்து, தேய்ந்த பொத்தானை அழுத்தினேன். ஷட்டர் இறங்கியது. முதலில் அவள் முகம் மறைந்தது, பிறகு காரின் கதவு, கடைசியில் சக்கரம். அன்று நான் வெளியே நின்றேன், இன்று உள்ளே.

ஓட்டம் நிற்பதற்குள் போன் அடித்தது.

"பொறப்பட்டாளா?"

"இப்பத்தான்க்கா."

பிறகு கேட்டாள்: "கண்ணத் தொடச்சியாடி?"

பழக்கத்தில் சுவரைப் பார்த்தேன். கறுப்புச் சில்லு கலங்கித் தெரிந்தது. இன்று அமாவாசை இல்லை.

"இல்லக்கா" என்றேன்.