ஓரக்கோட்டுக்கு எறிகிறவன்

உப்பு கேட்டால் ரஸ் ஹூடாக் உப்பை எறிவான். கேட்டவர் மடியில் விழாது. வெளிப்பக்கத் தோளுக்கும் ஒரு முழம் தள்ளி, கையை நீட்டினால் மட்டும் அகப்படுகிற இடத்தில் வரும். வண்டிச் சாவி, ரொட்டித் துண்டு, பீர் டப்பா, மழைக்கோட்டு எல்லாம் அப்படித்தான் வந்து சேரும். கல்யாணத்தன்று மோதிரத்தையும் பாதிரியார் முன்னால் எறிந்துவிடுவானோ என்று பயந்துபோய் நின்றதாக அவன் மனைவி ரீட்டா இன்றும் சொல்வாள். "கையில குடுக்கறதுக்கு நான் என்ன தபால்காரனா?" என்பான் ரஸ்.

முப்பத்தாறு வயது. அமெரிக்காவில் மொனாங்ஹேலா ஆற்றங்கரை ஊர்களில் வீடுகளைச் சூடாக்கும் எண்ணெயை லாரியில் கொண்டுபோய்க் குழாய் இழுத்து நிரப்புவது பிழைப்பு. சனிக்கிழமையானால் ஊர்க் குழுவுக்குக் குவார்ட்டர்பேக், பந்தை எறிந்து கொடுக்கிறவன். அங்கே அந்த ஆட்டத்தின் பெயர் கால்பந்து. பந்து என்னவோ அவன் கையில்தான் இருக்கும். சம்பளம் கிடையாது. பார்க்க வருகிறவர்கள் சொந்தக்காரர்கள். மழை பெய்தால் சொந்தக்காரர்களிலும் பாதிப் பேர். எஃகு ஆலை மூடிப்போன ஊரில் ஆண்பிள்ளைகள் நெஞ்சை நிமிர்த்தி நிற்க மிச்சமிருந்தது அந்த மைதானம் ஒன்றுதான். ரஸ்ஸுக்கு அதிலும் ஒரே ஒரு எறிதல்.

அந்த எறிதலைச் சொல்லாமல் ஆளைச் சொல்ல முடியாது. பந்தைப் பிடிக்க வேண்டியவன் நேராக முன்னால் ஓடுவான். குறித்த இடம் வந்ததும் வெடுக்கென்று உடம்பை ஒடித்து, மைதானத்தின் ஓரக்கோட்டை நோக்கித் திரும்புவான். அவன் திரும்பிய பிறகு எறிந்தால் காரியம் கெட்டது. முதுகு தெரியும்போதே பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். அவன் நிமிர்ந்து பார்க்கும்போது கோட்டை ஒட்டி, வெளிப்பக்கத் தோளருகே பந்து வந்துகொண்டிருக்க வேண்டும். ஒன்று, அவன் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் பந்து கோட்டைத் தாண்டி யாருக்கும் உதவாமல் போக வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் கொஞ்சம் உள்ளே விழுந்தாலும் எதிராளி குறுக்கே பாய்ந்து பறித்துக்கொண்டு ஓடுவான். அவனுக்கு முன்னால் தடுக்க ஒரு ஈ காக்கைகூட இருக்காது.

"எல்லாரும் கையைப் பாக்கறாங்க. கையில என்ன இருக்கு? இடது காலைப் பாரு," என்பான் ரஸ். இடது பாதம் ஓரக்கோட்டைப் பார்த்துத் திறக்க வேண்டும். அதன் பின்னால் இடுப்பு வரும், இடுப்புக்குப் பின்னால் தோள் வரும். முழங்கை தோளுக்குக் கீழே இறங்கக் கூடாது. ஆள்காட்டி விரல்தான் பந்தைக் கடைசியாக விட வேண்டும். பாதத்தை நேரே வைத்துக்கொண்டு கையை மட்டும் குறுக்கே இழுக்கிறவன் பந்தை எதிராளிக்குத் தானம் செய்கிறான். கடை வரிசையில் நிற்கும்போதும், பூசையில் நற்கருணை அப்பம் வாங்கப் போகும்போதும் ரஸ்ஸின் இடது பாதம் தன்பாட்டுக்கு ஒருபக்கமாகத் திறந்து மூடும். மாமனாரின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்து நடந்த அன்றும் வாசற்படியில் அந்தப் பாதம் திறந்தது. பின்னால் நடந்த மச்சான் லென் அதைப் பார்த்துவிட்டான். அப்பாவைப் புதைக்கப் போகிற வழியில் அவனுக்குச் சிரிப்பு வந்தது.

லென் பெட்ரோன் ரீட்டாவின் அண்ணன். கடையில் இறைச்சி வெட்டுகிறவன், பேச்சுக் குறைச்சல். ரஸ் எறிவதைப் பிடிக்கிறவன் என்பதுதான் ஊரில் அவனுக்கு அடையாளம். இளவட்டங்களாக இருந்த நாளிலிருந்து ஞாயிறு பூசை முடிந்ததும் மாதாகோயிலின் வண்டி நிறுத்தும் வெளியில் இருவரும் எறிந்து பிடித்துப் பழகுவார்கள். தாரில் குறுக்கே ஓடுகிற வெடிப்பு ஒன்றுதான் அடையாளம். வெடிப்பு வரை ஓட வேண்டும், திரும்ப வேண்டும்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் லாரிப் படியில் உறைந்திருந்த பனியில் ரஸ் வழுக்கினான். கீழே விழாமல் கைப்பிடியைப் பிடித்து வலது கையால் தொங்கிவிட்டான். வைத்தியரிடம் போகவில்லை. "சுளுக்கு. தானா வந்துச்சு, தானா போவும்," என்றான். அது போகவில்லை என்று முதலில் கண்டுகொண்டது லென்னின் உள்ளங்கை. முன்பெல்லாம் பந்து சீறிக்கொண்டு வந்து அறையும். இரவு முள்கரண்டி பிடிக்கும்போதும் எரியும். இப்போது மூக்கைத் தூக்கிக்கொண்டு, அழைக்காத விருந்துக்கு வந்தவனைப் போலத் தயங்கித் தயங்கி வந்தது. பாதம் திறந்தது, இடுப்பு வந்தது. முழங்கை மட்டும் தொங்கியது.

லென் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. குறித்த இடத்துக்கு இரண்டு எட்டு முன்பே திரும்பினான். திரும்பியதும் பந்தை நோக்கிச் சற்றுப் பின்னுக்கு இறங்கினான். தூரம் குறைந்தது, பந்து நேரத்துக்கு வந்தது. பின்னால் நின்று எறிகிறவனுக்கு இரண்டு எட்டு தெரியாது. அதுவும் ஆட்டத்தில், எறிந்த மறுகணம் ரஸ் மேல் எதிரணித் தடியர்கள் இரண்டு பேர் விழுந்து கிடப்பார்கள். பந்து போய்ச் சேர்ந்த கதையை அவன் காதால்தான் கேட்பான். கூட்டம் கத்தும். அவன் சேற்றைத் துப்பிவிட்டு எழுந்து, "கோடாலி மாதிரி போச்சில்ல?" என்பான். "கை எரியுது மாப்ள," என்பான் லென். பாசத்தில் சொல்கிற பொய் நாக்கில் கனப்பதே இல்லை.

ரீட்டாவுக்கு அந்தக் கை வேறு விதமாகத் தெரியும். "மழைக்கோட்டை இடது கையால மாட்டறான் லென். தலை வாரணும்னா தலையைக் குனிஞ்சு சீப்புகிட்ட கொண்டு வர்றான். அந்தப் பக்கமாப் படுக்கறதே இல்ல," என்றாள் ஒருநாள், அடுப்பில் வெங்காயத்தைக் கிளறிக்கொண்டே. "நீ சொல்லு. இதோட எறியறத விடச் சொல்லு."

"நீ சொன்னா கேக்கமாட்டானா?"

"நான் சொன்னா பொண்டாட்டி பயம்பான். பந்தைப் பிடிக்கிறவன் நீ. குழாய் இழுக்கற கை அது, லென். அது முழுசாப் போச்சுன்னா நாங்க என்னத்தச் செய்யறது?"

சொல்கிறேன் என்றான். அந்த வாரம் சொல்லவில்லை, அடுத்த வாரமும் சொல்லவில்லை. வாய்வரை வரும், ரஸ் பந்தை எடுத்துக்கொண்டு பாதத்தைத் திறந்து நிற்பான், அந்த முகத்தைப் பார்த்ததும் வந்த வார்த்தை திரும்பிப் போய்விடும்.

இந்த வருடம் குழுவுக்குப் புதுப் பயிற்சியாளராக வந்தவர் ஸ்ட்ரிக்லர். ஆட்டங்களை ஏணி மேல் நின்று படம் எடுக்கிறவர். நவம்பரில் ஒரு நாள் தீயணைப்புக் கூடத்தின் நிலவறையில் எல்லோரையும் உட்கார வைத்துச் சுவரில் படத்தை ஓட்டினார். லென் ஓடித் திரும்புகிற இடத்தில் நிறுத்தினார். இன்னொரு ஆட்டம், அங்கேயும் நிறுத்தினார்.

"லென், நான் சொல்ற இடம் ஒண்ணு, நீ திரும்பற இடம் ஒண்ணு. எல்லா ஆட்டத்துலயும் ரெண்டு எட்டு முன்னாடியே திரும்பிடற. என்னப்பா கணக்கு இது?"

 லென் ரஸ்ஸைப் பார்த்தான். ரஸ் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான், இடது கையால்.

"முட்டி வலி கோச்," என்றான் லென்.

ரஸ் ஒரு கடலையை அவன் தோளுக்கு வெளியே எறிந்தான். "மச்சானுக்குக் கிழடு தட்டிருச்சு. அதானே பாத்தேன், பந்து ஏன் சின்னதா விழுதுன்னு. இவன் ஓட்டத்துக்குத் தோதா என் கையே தானா இறங்கிடுச்சு பாருங்க." எல்லோரும் சிரித்தார்கள். கடலையைப் பிடித்துவிட்டு லென்னும் சிரித்தான். கடைசி ஆட்டத்துக்கு அவனுக்குப் பதில் டெவன் ஓடுவான் என்று ஸ்ட்ரிக்லர் அறிவித்தார். டெவன் கிடங்கில் பெட்டி தூக்குகிறவன். ஓட்டத்தில் குதிரை, சொன்ன இடத்தில்தான் திரும்புவான்.

வெளியே வந்ததும் ரஸ் அவனருகில் நடந்தான். "மனசுல வச்சுக்காத மச்சான். எல்லாருக்கும் ஒருநாள் வர்றதுதான். வந்தா ஒத்துக்கணும். மறைக்கறதுதான் கேவலம்."

"ஆமா மாப்ள," என்றான் லென். 

சனிக்கிழமை காலையிலிருந்து தூறல். லென் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தான். முதல் எறிதலில் டெவன் சரியான இடத்தில் திரும்பினான்; பந்து இன்னும் பாதி வழியில் மிதந்துகொண்டிருந்தது. எதிராளி அதைத் தனக்கு வந்த பொருள்போல எடுத்துக்கொண்டு கோல்வரை ஓடினான். ரஸ் ஆட்களுக்கு அடியிலிருந்து எழுந்தான். "பந்து ஈரம்," என்றான்.

இரண்டாவது தடவை அவனை யாரும் தொடவில்லை. தள்ளிவிட வேண்டியவன் சேற்றில் சறுக்கி விழுந்துவிட்டான். அதனால் ரஸ் நின்றபடியே முழுவதையும் பார்த்தான். லென்னும் பார்த்தான். பாதம் அழகாகத் திறந்தது, இடுப்பு வந்தது, எல்லாம் அவன் சொல்கிற மாதிரியே. பந்து மட்டும் போகவில்லை. டெவன் கையை விரித்துக் காத்திருந்தான். எதிராளி பறித்துக்கொண்டு ரஸ்ஸைத் தாண்டியே ஓடினான். ரஸ் துரத்தவில்லை. டெவன் திரும்பிய இடத்தைப் பார்த்தான். அதற்கு இப்பால் இரண்டு எட்டு தள்ளிக் காலியாகக் கிடந்த சேற்றைப் பார்த்தான். பிறகு பெஞ்சைப் பார்த்தான். லென் குனிந்து, அவிழாத காலணிக் கயிற்றைக் கட்டத் தொடங்கினான்.

மிச்ச ஆட்டத்துக்கு ரஸ்ஸுக்குப் பதில் ஸ்ட்ரிக்லர் வேறொருவனை இறக்கினார். பெஞ்சின் ஒரு முனையில் ரஸ்ஸும் மறுமுனையில் லென்னும் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் நடுவில் மழை பெய்தது.

ஞாயிறு பூசைக்கு ரஸ் வரவில்லை. பூசை முடிந்து லென் வெளியே வந்தபோது வண்டி நிறுத்தும் வெளியில் ரஸ் பந்தோடு நின்றான்.

"முழுசா ஓடு மச்சான். வெடிப்பு வரைக்கும்."

"குளுரா இருக்கு மாப்ள. அடுத்த வாரம்…"

"ஓடுன்னா ஓடு."

லென் வெடிப்பு வரை ஓடித் திரும்பினான். பந்து அவனுக்கு முன்னால் தாரில் விழுந்து, கோணல்மாணலாக எகிறி உருண்டது. மறுபடி ஓடினான், மறுபடியும் விழுந்தது. மூன்றாம் முறை அவனால் தாங்க முடியவில்லை. உடம்பு தானாகவே இரண்டு எட்டு முன்னால் ஒடிந்து திரும்பியது. பந்து வந்து கைக்குள் உட்கார்ந்தது.

ரஸ் லென்னின் காலடியைப் பார்த்தான். "அங்கதானா? இத்தன நாளும்?"

"ஆமா."

"முட்டி?"

"முட்டிக்கு ஒண்ணுமில்ல."

லென் பந்தைத் திருப்பி எறிந்தான். ரஸ் அதை இடது கையால் வாங்கி வலது கைக்கு மாற்றினான். பாதம் பழக்கத்தில் ஓரமாகத் திறந்தது. அதைக் குனிந்து பார்த்தான். மெல்ல மூடினான்.

பிறகு நடந்து வந்தான், பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, அந்தத் தூரம் முழுவதும். அவன் எறியத்தான் போகிறான் என்று லென்னின் கை வழக்கம்போல வெளிப்பக்கமாக நீண்டிருந்தது. ரஸ் கிட்டே வந்து அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்தான். முன்னால் கொண்டுவந்து, பந்தை அதில் வைத்தான்.