கல்லுக்குப் பதில் நட்ட செடி

பல் முளைக்காமல் செத்த பிள்ளைக்கு எங்கள் மலையில் கல் வைக்க மாட்டார்கள். சொந்தக் காட்டில் ஓர் ஓரமாகப் புதைத்து, மண்ணை மிதித்துவிட்டு வந்துவிடுவார்கள். பெற்றவள் கூடப் போகக் கூடாது. என் மகளையும் அப்படித்தான் கொண்டுபோனார்கள். இடத்தைக் காட்டச் சொல்லி என் கணவரைப் பிடுங்கி எடுத்தேன். வெகு நாள் கழித்துத்தான் சாமைக் காட்டு வரப்போரத்தைக் காட்டினார்.

கல்தானே வைக்கக் கூடாது? மலையின் அந்தப் பக்கம் அரியூர் நாட்டில் என் அம்மா வீட்டுக் குப்பைமேட்டில் இருந்த நித்தியகல்யாணியைப் பிடுங்கி வந்து அங்கே நட்டேன்.

"சுடுகாட்டுப் பூவைக் கொண்டாந்து காட்டுல வெக்கறாளே!" என்று மாமியார் கத்தினார்.

"அங்க படுத்திருக்கறது யாருங்க அத்தை?" என்றேன்.

அந்தச் செடி நம்மிடம் ஒன்றும் கேட்காது. அத்தனை கசப்பு, ஆடுகூட வாய் வைக்காது. தண்ணீர் ஊற்றாவிட்டாலும் பூக்கும். அடியில் தண்ணீர் நின்றால் மட்டும் அழுகிவிடும். அதனால் மழைக்கு முன்னால் மண் அணைப்பேன், நுனியைக் கிள்ளிவிடுவேன். புதராகி, வருஷம் முழுக்க ரோஸ் நிறத்தில் பூத்தது. களை வெட்டப் போனால் அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் சோறு தின்பேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் மலை முழுக்கக் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிப் பைத்தியம் பிடித்தது. சாமைக் காட்டிலும் கிழங்கு போடப்போவதாக என் கணவரின் அண்ணன் சொன்னார்.

"மாமா, அந்தச் செடிகிட்ட மட்டும் ஏரு உட்டுடாதீங்க."

"அட, எனக்குத் தெரியாதா அம்மிணி?"

நான் அம்மா வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்து, வரப்பை வெட்டிச் சமன் செய்து, மொத்தக் காட்டையும் உழுது கிழங்குக் குச்சி ஊன்றிவிட்டார்.

திரும்பி வந்து கேட்டால், "களைதானே அது?" என்றார் அந்த மனிதர். கையிலிருந்த களைக்கொத்தை அவர் காலடியில் வீசினேன். அதற்கப்புறம் இன்றுவரை அவரோடு பேச்சு இல்லை.

காய் முற்றிய செடியை ஏரில் இழுத்தால் விதை எங்கெல்லாம் போகும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அடுத்த மழைக்கு, கிழங்குக்கு நடுவே காடு முழுக்க நித்தியகல்யாணி முளைத்துப் பூத்தது. என் கணவர் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார்.

"பாரு, காடு பூராவும் நம்ம புள்ளதான்."

ஆறுதல் சொல்கிறாராம்!

"எந்தச் செடிக்கு அடியில இருக்கறா? அதைச் சொல்லுங்க."

அவர் இங்கும் அங்கும் பார்த்தார். கொஞ்ச தூரம் நடந்தார், நின்றார், திரும்பினார். புதைத்தவருக்கே தெரியவில்லை.