உதடு தெரிந்தால்தான் பேச்சு

தெருவில் அவனை டேப் என்றுதான் கூப்பிடுவார்கள். தூங்கும்போதுகூட அளவு டேப் கழுத்தில் கிடக்கும். துணிக்கடையின் பின்னறையில் பேன்ட் நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது அவன் வேலை. இளவயதில் வந்த மனநோயை மாதம் ஒரு ஊசி அடக்கி வைத்திருந்தது, முழுசாக அல்ல. "தையல் கோணல், பிரிடா" என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் அவ்வப்போது வரும். அதற்கு அவனே ஒரு வழி வைத்திருந்தான். திரும்பிப் பார்ப்பான். உதடு அசைந்தால் ஆள் பேசுகிறது. அசையாவிட்டால் பேசாமல் மிஷினை மிதிப்பான்.

கொள்ளைநோய் வந்தது. ஊரே துணியால் வாயை மூடிக்கொண்டது.

"கொஞ்சம் லூசா விடுங்க" என்ற வாடிக்கையாளரை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. யாருமே சொல்லாததைக் கேட்டு, தைத்து முடித்த கல்யாணக் கோட்டின் ஒரு கையைப் பிரித்துப் போட்டான்.

"டேப்பு, மாப்பிள்ளையை ஒரு கையோட மேடை ஏறச் சொல்லவா?" என்றார் முதலாளி. சொன்னது அவர்தானா என்பதும் அவனுக்கு நிச்சயமில்லை.

ஊரடங்கில் கடையைச் சாத்தியதும் தன் வாடகை அறையில் உட்கார்ந்து முகக்கவசம் தைத்தான். தன் கண்ணைத் தானே கட்டிக்கொள்வது போலிருந்தது.

அவன் ஊசி போட்டுக்கொள்ளும் மருத்துவமனையைக் காய்ச்சல்காரர்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். புது இடத்தைப் போனில் சொல்வதாக ஏற்பாடு. நர்ஸ் கூப்பிட்டாள். உதடே இல்லாத குரல். வைத்துவிட்டான். மறுமாதமும் அப்படியே. தூக்கம் போயிற்று, சாப்பாடு போயிற்று. அறைக்குள் சுற்றிச் சுற்றி நடந்தான். வீட்டுக்காரர் அவன் அக்காவுக்குச் சொல்லி அனுப்பினார்.

அக்கா வந்து கதவைத் தட்டினாள். "ஊசிக்கு இடம் கேட்டு வச்சிருக்கேன். இன்னைக்கு விட்டா வார்டுலதான் போய்ப் படுக்கணும். இந்த ரூமும் போயிடும்."

ஜன்னல் வழியாகப் பார்த்தான். "மாஸ்க்கைக் கழட்டு."

"மாமாவுக்கு நெஞ்சு சரியில்லடா. நான் எதையாவது ஒட்டிக்கிட்டுப் போக முடியாது."

"அப்ப நீ அக்கா இல்ல."

"ஆமா, உனக்கு மூக்குத் தொடச்சு விட்ட பக்கத்து வீட்டுக்காரி."

அவன் அசையவில்லை. அவள் படியிறங்கிப் போய்விட்டாள். சற்றுக் கழித்துப் போன் அடித்தது. தெருவுக்கு அந்தப் பக்கம், ஆளில்லாத இடத்தில் முகத்தைத் திறந்து நின்றுகொண்டு கையாட்டினாள். போனை எடுத்தான்.

"இறங்கி வா."

உதடும் குரலும் ஒன்றாக வந்தன.

"இன்னொரு தடவை சொல்லு."

"இறங்கி வாடா, எருமை."

வழியெல்லாம் அவன் பின்தங்கியே நடந்தான். "அக்கா, திரும்பிப் போன்னு நீயா சொன்ன?" ஒவ்வொரு முறையும் அவள் நின்று, திரும்பி, துணியைத் தாடைக்கு இறக்கி, "இல்லடா" என்றாள். கேட்டுக் கேட்டு அவனுக்கே சலித்தது. ஆனாலும் கேட்டான்.

புது இடத்தில் நோயாளியை மட்டுமே உள்ளே விட்டார்கள். "சட்டைக் கையைச் சுருட்டுங்க" என்றது ஊசியோடு நின்ற, முகம் மூடிய ஒரு உருவம். அவன் எழுந்து வாசலைப் பார்த்தான். கண்ணாடிக்கு வெளியே காவலாளி திட்டிக்கொண்டிருக்க, அக்கா கவசத்தை இறக்கி ஏதோ சொன்னாள். சத்தம் உள்ளே வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது: சுருட்டு.

டேப் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டினான்.