தகரமூஞ்சியின் பெண்டாட்டி

விண்வெளித் தொடர் என்று எது வந்தாலும் உட்கார்ந்து பார்த்துவிடுகிற பைத்தியம் எனக்கு உண்டு. எந்தத் தொடர் உசத்தி, எந்த சீசன் மட்டம் என்று முகம் தெரியாதவர்களோடு கட்சி கட்டிச் சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் எல்லாவற்றிலும் சிறந்த சீசன் எது என்று என்னைக் கேட்டால், ஒரு வசனம்கூடப் புரியாமல், கருப்பு வெள்ளையில், பாதி நேரம் புள்ளி புள்ளியாகக் கொதிக்கிற திரையில், காவலூரில் பார்த்த அந்த ஒன்றைத்தான் சொல்வேன். இதைச் சொன்னால் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. அவர்கள் அத்தையோடு உட்கார்ந்து பார்க்கவில்லை, என்ன செய்வது.

எங்கள் வீடு காவலூருக்கு மேலே சாமைக் கொல்லைகளுக்கு நடுவில் இருந்தது. டிவி இருந்தது காவலூரில், நட்சத்திரம் பார்க்கிற ஆபீசின் டிரைவர் வீட்டில். அவருடைய மனைவியை நாங்கள் டிரைவர் வூட்டு அக்கா என்போம். திருப்பத்தூர்க்காரி, தாராள மனசு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் திறந்துபோட்டுவிட்டு, முறத்தில் அரிசியைப் பரப்பிக்கொண்டு எங்களோடு தானும் உட்கார்ந்துவிடுவாள். காற்று பலமாக அடித்தால் படம் பறந்துவிடும். டிரைவர் வெளியே போய் ஏரியல் குழாயைத் திருப்ப, நாங்கள் உள்ளேயிருந்து “வந்துச்சி, போச்சி, வந்துச்சி” என்று கத்துவோம்.

அந்த வருஷம் புளி சீசனுக்கு அத்தை வந்திருந்தாள். அப்பாவின் தங்கை. செங்கத்துக்குப் பக்கத்தில் அடிவாரத்து ஊர் ஒன்றில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஓடு உடைக்கவும் கொட்டை எடுக்கவும் ஆள் வேண்டும் என்று அப்பாவே போய்க் கூட்டிவந்ததாக எனக்குச் சொன்னார்கள். எங்களிடம் இருந்த நாலைந்து மரத்துக்கு அம்மா ஒருத்தியே போதும் என்பது எனக்குத் தோன்றவில்லை. அத்தை வந்ததில் எனக்குச் சந்தோஷம், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை டிவி பார்க்கக் கூட வர ஒரு பெரிய ஆள் கிடைத்துவிட்டது. தனியாக அனுப்ப மாட்டேன் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.

கதை இதுதான். ஒரு பெரிய கப்பல், வானத்தில் போவது. அதில் ஏராளமான சனங்கள், விதை மூட்டைகள், சில ஆடுகள்கூட. குடியேற ஒரு நல்ல நிலம் தேடிப் போகிறார்கள். வழியெல்லாம் ஒருவன் துரத்திவருகிறான். பாதி முகத்தைத் தகடு மூடியிருக்கும். நாங்கள் அவனுக்குத் தகரமூஞ்சி என்று பேர் வைத்திருந்தோம். வாரம் தவறாமல் அவன் கப்பலின் பெரிய திரையில் தோன்றி, எஞ்சின் பார்க்கிற உயரமான பெண்ணைக் காட்டி ஏதோ கேட்பான். கப்பல் தலைவர் மாட்டேன் என்று தலையை ஆட்டுவார். உடனே தகரமூஞ்சி சுடுவான். பேசுவதெல்லாம் இங்கிலீஷ். டிரைவருக்கே அதில் நாலு வார்த்தைதான் தெரியும்.

“அந்தப் பொம்பளய இன்னாத்துக்குக் கேக்குறான்?” என்று நான்தான் கேட்டேன்.

“அவ அவனோட பொண்டாட்டி” என்றாள் அத்தை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “கூட வாழ முடியாம வந்துட்டா. திருப்பி அனுப்புன்னு கேக்குறான்.”

டிரைவர் வூட்டு அக்கா முறத்தை நிறுத்திவிட்டு, “உனுக்கு எப்டித் தெரியும்?” என்றாள்.

“அவன் வந்தா அவ கையப் பாருக்கா. எங்க வச்சிக்கிறதுன்னு தெரியாம நிக்கிறா.”

பார்த்தோம். அப்படித்தான் இருந்தது. அன்றிலிருந்து எங்களுக்குக் கதை தண்ணீர்பட்ட பாடாகிவிட்டது. அத்தை சொல்லச் சொல்ல ஒவ்வொரு வாரமும் விளங்கியது. ஒருத்திக்காக எல்லோரும் சாவதா என்று கப்பலில் சிலர் தலைவரிடம் முறைத்துக்கொள்ளும் காட்சி ஒன்று உண்டு. அதற்கும் அத்தைதான் வசனம் சொன்னாள். “எத்தினி நாளைக்கு வச்சி சோறு போடுவீங்கன்னு கேக்குறாங்க.”

பல வருஷம் கழித்து அதே சீசனைக் கம்ப்யூட்டரில் தேடிப் பிடித்து, கீழே எழுத்து ஓட, முழுவதும் பார்த்தேன். அவள் அவன் மனைவியே இல்லை. அவனிடமிருந்து வான்வழி வரைபடம் ஒன்றைத் திருடிக்கொண்டு வந்தவள். கை அப்படி நின்றது அந்த நடிகையின் பழக்கமாகக்கூட இருக்கலாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வரைபடத்துக்காக ஒருவன் இவ்வளவு தூரம் வருவானா? தொடரை எழுதினவர்களுக்கே தங்கள் கதை சரியாகத் தெரியவில்லை என்று முடிவுகட்டினேன். அந்த சீசனில் குறைகள் இல்லாமல் இல்லை. சேற்றுக்கிரகத்தில் மாட்டிக்கொள்ளும் வாரம் இழுவை. சின்னக் கப்பல்கள் தொங்கும் கம்பி நன்றாகவே தெரிகிறது. பின்னால் வந்த சீசன்களில் கம்பி தெரியவில்லை, வண்ணமெல்லாம் பளபளத்தது. ஆனால் அவற்றில் யாரும் சமைக்கவில்லை, யாரும் சலித்துக்கொள்ளவில்லை. இந்த ஒன்றில்தான் கப்பல் ஒரு வீடு மாதிரி இருந்தது. அத்தையும் அதைக் கப்பல் என்று சொன்னதில்லை, “வூடு” என்றுதான் சொல்வாள்.

கடைசி வாரம் தகரமூஞ்சி தன் கப்பலைக் கொண்டுவந்து இதனோடு ஒட்டி நிறுத்திவிட்டான். கதவு திறந்தது. அந்தப் பெண் நீளமான நடைபாதையில் தனியாக அவனை நோக்கி நடந்தாள். பாதியில் நின்றாள். அவ்வளவுதான், எழுத்து ஓட ஆரம்பித்துவிட்டது. டிரைவர் வூட்டு அக்கா டிவியின் தலையில் ரெண்டு தட்டு தட்டிப் பார்த்தாள்.

“தட்டாத. சீசன் முடிஞ்சிடுச்சி” என்றார் டிரைவர். “வெளிநாட்டுல சீசன் சீசனாத்தான் எடுப்பாங்களாம், ஆபீஸ் சாருங்க சொன்னாங்க. மிச்சம் அடுத்த சீசன்ல.”

சீசன் என்றால் எனக்குத் தெரியாதா? புளிக்கு சீசன், சீத்தாப்பழத்துக்கு சீசன். மேகம் இல்லாத மாதங்களைத் தங்கள் சீசன் என்று நட்சத்திர ஆபீஸ்காரர்களும் சொல்வார்கள். அந்த நாட்டிலும் மழை வந்தால் கப்பல் விட முடியாது போலிருக்கிறது, அடுத்த வருஷம் புளி பழுக்கும்போது மிச்சக் கதை தானாக வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது அத்தையிடம், “அவன்கூடப் போய்டுவாளா அத்த?” என்று கேட்டேன். “தெரியல” என்றாள். அவளுக்குத் தெரியாத கட்டம் அந்தக் கதையில் அது ஒன்றுதான். எனக்குப் பயமாகிவிட்டது.

எங்கள் புளியும் முடிந்தது. திருப்பத்தூர் வியாபாரி வந்து எடுத்துப்போனார். அதற்கடுத்த நாள், மத்தியான பஸ்ஸில் மாமா வந்து இறங்கினார். அத்தையின் புருஷன். எனக்கு மாமாவைப் பிடிக்கும். பிஸ்கட் வாங்கிவருவார், கையை வீசி வீசிச் சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். அப்பாவோடு மழை, விலைவாசி எல்லாம் பேசினார். அம்மா காலையிலேயே அத்தையின் துணிகளை மடித்துப் பையில் வைத்து வாசல் ஓரமாகக் கொண்டுவந்து வைத்திருந்தாள். ஊரில் பெரியவர்களும் அனுப்பிவைப்பதுதான் முறை என்று அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள்.

“சீசன்தான் முடிஞ்சிதே, கெளம்பு” என்றார் மாமா.

என்னால் பொறுக்க முடியவில்லை. “அத்த வராது மாமா. கப்பல் கத பாதியில நிக்குது. அடுத்த சீசன் பாத்துட்டுதான் வரும்” என்றேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். மாமா ரொம்ப ரசித்துச் சிரித்துவிட்டு அத்தையைப் பார்த்தார்.

“புள்ள இன்னாமோ சொல்லுது?”

அத்தை கொஞ்ச நேரம் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “ஆமாங்க. பாக்கணும்” என்றாள்.

“இன்னாத்த?”

“அடுத்த சீசன.”

“டிவி பொட்டிக்காகவா வூட்டுக்கு வரமாட்டேன்ற?”

“ஆமாங்க.”

மாமா சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்தார். ஓர் அடி எடுத்து வைத்தார். அத்தையின் முழங்கை சட்டென்று உயர்ந்து முகத்தை மறைத்தது. மாமா அவளைத் தொடவில்லை. ஈ ஓட்டுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அப்பா அந்த முழங்கையையே பார்த்தபடி நின்றார். பிறகு குனிந்து பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது அவர் கையில் பை இல்லை, தோளில் துண்டு இருந்தது.

“பஸ்ஸு திரும்புற நேரம் மாப்ள. நானே வந்து ஏத்தி வுட்றேன்” என்றார், மரியாதையாகத்தான்.

டிவி பார்ப்பதற்காகப் புருஷனை விட்டவள் என்று மலையிலும் அடிவாரத்திலும் அத்தைக்குப் பேர் வந்தது. சந்தையில் கேலி செய்வார்கள். அவள் ஒருபோதும் மறுத்ததில்லை, “ஆமா, நல்ல கத” என்பாள். உண்மையைச் சொல்லிக் கூச்சப்படுவதைவிட அது அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. எனக்கோ பெருமை தாங்கவில்லை. என்னைப் போலவே ஒரு கதைக்காக எல்லாவற்றையும் விடக்கூடிய ஆள் எங்கள் வீட்டில் இன்னொருத்தியும் இருக்கிறாள் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவைத்தேன்.

மாமா பஸ் ஏறிப்போன மறுநாள் காலையில் நான் எழுந்தபோது அத்தை தூங்கிக்கொண்டிருந்தாள். மாடுகள் மேய்ச்சலுக்குப் போய்விட்டன. முற்றத்தில் வெயில் ஏறிவிட்டது. பக்கத்தில் யாராவது தும்மினாலும் விழித்துக்கொள்கிறவள், வாயை லேசாகத் திறந்துகொண்டு, கையும் காலும் போன இடத்தில் கிடக்கத் தூங்கினாள். எழுப்பப் போன என்னை அம்மா தடுத்தாள். அவள் கண்கள் சிவந்திருந்தன, முகம் என்னவோ சிரித்த மாதிரி இருந்தது. அத்தைக்கு உடம்புக்கு ஏதோ வந்துவிட்டது என்று எனக்குத் திக்கென்றது. அம்மா அந்தப் பக்கம் நகர்ந்ததும் மெதுவாகப் போய் நெற்றியில் கைவைத்துப் பார்த்தேன். சுடவில்லை.