மொட்டை அடித்த செம்பருத்தி வேலி

எங்கள் வீட்டு வாசலில் செம்பருத்தி வேலி என் இடுப்பு உயரத்துக்கு நிற்கிறது. அடியில் ஒரு கோழிக்குஞ்சு நுழைய இடமில்லை. மலாக்காவில் செலண்டார் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் இப்படி ஒரு வேலியைப் பார்த்ததில்லை என்று என் வீட்டுக்காரர் வருகிறவர்களிடம் சொல்கிறார். அவர் தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி. எதையும் கூட்டிச் சொல்லும் பழக்கம் இல்லாதவர். நானும் மறுப்பதில்லை. அதை வளர்த்தவள் நான். வெட்டியவளும் நான்தான்.

மூத்த பிள்ளைகள் இருவரும் மலாக்கா டவுனில் என் அண்ணன் வீட்டில் தங்கிப் படிக்கப் போன பிறகு, தலையில் நரை தெரிந்த வயதில் பிறந்தவள் என் கடைசி மகள். ஊர் சிரிக்குமே என்று கூசிக்கொண்டே பெற்ற பிள்ளை. பிறந்த பிறகு கூச்சம் போய்விட்டது. அந்த இடத்துக்குப் பயம் வந்தது.

எங்கள் வீடு செம்மண் சாலையின் வளைவில் இருக்கிறது. ரப்பர் பால் ஏற்றும் லோரி ஸ்டோருக்குப் போகவும் வரவும் அந்த ஒரே வழிதான். மகள் நடக்கத் தொடங்கிய புதிதில், அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டக் கொல்லைப்புறம் போய்த் திரும்பினேன். வாசலில் அவள் இல்லை. சாலையின் நடுவில் உட்கார்ந்து மண்ணை அள்ளிக்கொண்டிருந்தாள். லோரி வளைவில் திரும்பிவிட்டது. அது நின்றபோது முன்சக்கரத்துக்கும் அவளுக்கும் நடுவே ஒரு முறம் வைக்கத்தான் இடமிருந்தது. டிரைவர் இறங்கி, சக்கரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். மகள் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

இது நடந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. லோரிச் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு மகளைத் தேடுகிறேன். தூக்கத்தில் தொட்டிலைத் தடவிப் பார்த்த கை, இப்போது பாயைத் தடவுகிறது.

முதலில் மூங்கில் வேலி போட்டோம். ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. கரையான் அடியைத் தின்றுவிட்டது. மகள் சாய்ந்தபோது வேலியும் அவளோடு சாய்ந்தது. பிறகு என் பழைய சேலையைக் கிழித்து அவள் இடுப்பில் ஒரு முனையையும் தூணில் ஒரு முனையையும் கட்டினேன். பக்கத்து வீட்டு ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் மனைவியை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன கிராணியம்மா, எப்ப கன்னுக்குட்டி வாங்கினீங்க? பால் கறக்குமா?"

"சிரிங்கக்கா. உங்க வீட்டு வாசல்ல லோரி திரும்பலை."

"சிரிக்கலைம்மா. உயிர்வேலி வைங்க. கரையான் திங்காது. கோயில்ல செம்பருத்தி எம்புட்டுக் கெடக்கு. மலாய்க்காரங்க புங்கா ராயான்னு வீட்டைச் சுத்தி வெச்சிருக்காங்களே, பாக்கலையா?"

தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பூசாரியிடம் கேட்டேன். அவர் நல்ல விரல் பருமனில் முற்றிய கிளைகளாகப் பார்த்து ஒடித்து, மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கொடுத்தார். "ஆத்தா குடுத்ததுன்னு வெச்சிக்கங்க. மொதப் பூவ இங்க கொண்டாந்துடணும்," என்றார். சரி என்றேன். அந்தச் சொல்தான் பின்னால் என் கையைக் கட்டிப்போட்டது.

சரிவாகச் சீவிய நுனியை மண்ணுக்குள் விட்டு, இரண்டு வரிசையாக, முன்வரிசையின் இடைவெளிக்கு நேராகப் பின்வரிசைக் குச்சி வரும்படி நட்டேன். நாங்கள் போய்வரும் வழிக்குத் தாழ்ப்பாள் வைத்த தகரப் படல் ஒன்று போட்டோம். மாட்டுச்சாணம், அடுப்புச் சாம்பல், மீன் கழுவிய தண்ணீர் எல்லாம் அதற்கே போயின. துளிரில் வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பியபோது சவுக்காரத் தண்ணீரால் ஒவ்வொரு கிளையாகத் துடைத்துவிட்டேன். இந்த ஊர் மழைக்குக் குச்சி நட்டாலே காடாகும். என் குச்சிகளும் ஆயின. முதல் பூவை மகளின் கையில் கொடுத்துக் கோயிலுக்குத் தூக்கிப் போனேன்.

அதன்பிறகு வேலி எங்கள் வீட்டுடையதாக இல்லை. வெள்ளிக்கிழமையானால் தொழிலாளர் லயத்துப் பெண்கள் கூடையோடு வந்தார்கள். பூ எல்லாம் ஆத்தாவுக்கு. வந்தவர்கள் செடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கோயிலிலிருந்து வந்த செடி, கோயிலுக்குப் பூக்கும் செடி. மொட்டு இருக்கும் கிளையில் யார் கத்தி வைப்பார்கள்? மொட்டு இல்லாத கிளையும் அதில் கிடையாது. செடி ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்தது. தலை முழுக்கச் சிவப்பு. சாலையில் போகிற துரையே காரை மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

தலைக்கு மேலே அழகு சேர்ந்துகொண்டிருந்தபோது, காலடியில் இலை உதிர்ந்து வெறும் தண்டுகள் மட்டும் நின்றன. பெரியவர்கள் கண்ணுக்கு அது தெரியாது. குழந்தையின் கண் உயரத்தில் அது வேலியே இல்லை. தூண்கள் நின்ற மண்டபம்.

சக்கரத்துக்கு முன்னால் அவளைப் பார்த்த நாளிலிருந்து அந்த டிரைவர் வளைவுக்கு வெகுதூரம் முன்பே ஹாரன் அடித்துக்கொண்டு வருவார். எனக்கு எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று செய்த நல்ல காரியம். என் மகளுக்கோ அது அழைப்பு. "பாம் பாம்" என்று கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுவாள். ஒருநாள் ஹாரன் கேட்டு நான் ஓடிவந்தபோது அவள் குனிந்து இரண்டு தண்டுகளுக்கு நடுவே புகுந்துகொண்டிருந்தாள். காலைப் பிடித்து இழுத்தேன். லோரி போன பிறகும் காலை விடவில்லை. "வலிக்குதும்மா," என்று அவள் சொன்ன பிறகுதான் விட்டேன்.

அவளைப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய் அக்காவின் மடியில் வைத்தேன். கொல்லையில் இருந்த பாராங் கத்தியை எடுத்தேன். வாசல் மூலையிலிருந்து தொடங்கி முழங்கால் உயரத்துக்கு வெட்டிக்கொண்டே போனேன். திருவிழா நெருங்கிக்கொண்டிருந்த நேரம். கிளைக்குக் கிளை மொட்டு. அக்கா குழந்தையை இடுக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"ஐயையோ, என்னம்மா செய்யறீங்க? ஆத்தா செடி."

"ஆத்தாவுக்கும் பிள்ளை பெரிசுதானே அக்கா?"

வெட்டி முடித்ததும் வாசல், போர்வையை உருவிவிட்ட மாதிரி கூசிப்போய் நின்றது. மொட்டுக் கிளைகள் அத்தனையையும் கட்டுக் கட்டாகக் கட்டி வைத்தேன். அதற்குள் செய்தி லயம் முழுக்கப் போய்விட்டது. பூசாரி வந்துவிட்டார். கூடவே லயத்துப் பெண்கள்.

"என்ன தாயி இது? திருநாளு வருது. படிச்சவங்க இப்படிச் செய்யலாமா?"

பாராங்கைக் கீழே வைத்தேன். "பூசாரி ஐயா, இவளுக்கு ஒரு வயசுல கோயில்ல மொட்டை அடிச்சீங்களே, அப்ப எங்கிட்ட என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்?"

"எலி வால் மாதிரி இருக்குன்னு நான் அழுதேன். அடிச்சாத்தான் அடர்த்தியா வரும், வந்து பாருங்கன்னு சொன்னீங்க."

எல்லாரும் அக்காவின் இடுப்பில் இருந்த மகளின் தலையைப் பார்த்தார்கள். சீப்பு இறங்காத முடி.

"அதான் செடிக்கும் மொட்டை அடிச்சேன். முடியக் காணிக்கையா ஆத்தாவுக்கே குடுத்துடறேன். இந்தக் கட்டெல்லாம் கோயிலுக்குத்தான்."

கூட்டத்தில் ஒரு கிழவி, "மொட்டை சரி. சந்தனம் எங்க?" என்றாள். முதலில் சிரித்தது பூசாரிதான். வீட்டிலிருந்து சந்தனம் கொண்டுவரச் சொல்லி, வெட்டுப்பட்ட தண்டுகளின் நுனியில் அவரே தொட்டுத் தொட்டு வைத்தார். சாயங்காலம் ஆபீஸிலிருந்து திரும்பிய என் வீட்டுக்காரர், சந்தனப் பொட்டோடு நின்ற குச்சிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார்.

ஆனாலும் எனக்கு நிம்மதி இல்லை. செடி பட்டுப்போனால் வேலியும் போகும், ஊரும் பேசும். சேலைக் கயிறு மறுபடி தூணுக்கு வந்தது. காலையில் எழுந்ததும் ஒவ்வொரு தண்டாகக் குனிந்து பார்ப்பேன். பட்டைக்குள்ளிருந்து பச்சைப் புள்ளி ஒன்று எட்டிப் பார்த்த நாளில் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேலே மட்டுமல்ல, வேரடியிலிருந்தும் துளிர்த்திருந்தது. நாலு விரல் நீண்டதும் நுனியைக் கிள்ளினேன். கிள்ளிய இடத்தில் இரண்டாகப் பிரிந்தது. அவற்றையும் கிள்ளினேன். அடி அகலமாகவும் மேல் குறுகலாகவும் இருந்தால் வெயில் கால்வரை இறங்குகிறது என்பதைச் செய்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பூ குறைந்தது. ஆனால் வெள்ளிக்கிழமைக் கூடைக்கு எப்படியோ பூத்துக் கொடுத்தது.

மகளுக்கு மூன்றாம் வயது மொட்டை அடித்துக் கூட்டிவந்த வாரம். நான் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். சேலைக் கயிறு அவிழ்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. தூரத்தில் ஹாரன். சந்தனம் பூசிய தலை என்னைக் கடந்து ஓடியது. வாளியைத் தட்டிவிட்டு ஓடினேன், எட்டவில்லை.

அவள் வேலியில் போய் முட்டினாள். இலைக்குள் தலையை விட்டாள், வரவில்லை. கையை விட்டாள், முழங்கை வரை போய் நின்றது. உட்கார்ந்து அடியில் தேடினாள். மூலைக்கு ஓடிப் பார்த்தாள். அங்கும் இலை. லோரி சத்தமாகக் கடந்து போனது. வேலிக்கு மேலாக டிரைவர் கை ஆட்டிக் கத்தினார்.

"மொட்டைப் பாப்பா, இன்னிக்கு ரோட்டுக்கு வரலையா?"

அவள் செடியை அடித்து அடித்து அழுதாள். அப்படி ஓர் ஆங்காரம். நான் ஈரத் துணியைத் தோளில் போட்டபடி, அவளைத் தூக்கக்கூட மறந்து, வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டு நின்றேன். அக்கா சத்தம் கேட்டு ஓடிவந்தார்.

"பிள்ளை அழுவுது, அம்மா சிரிக்குது. என்னாச்சு?"

"போக முடியலைக்கா. அவளால போக முடியலை."

மறுநாள் காலை பூசாரி வாசலில் நின்றார். கையில் அவருடைய பாராங்.

"கோயில் செம்பருத்தி வேலியும் காலுல எல இல்லாம வெளுத்துக் கெடக்கு தாயி. வந்து ஒரு மொட்டை போட்டுக் குடுங்க."

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன்.